வேகம் எங்கே தடைப்படுகிறது?



மாதம் பிறந்தால் வீட்டுக்கு வரும் கட்டணச் சீட்டுகளில் இன்று ஒன்று கூடியிருக்கிறது. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் கட்டிக்கொண்டிருந்த நாம் இப்போது இணையத்துக்கும் கட்டுகிறோம். அந்தச் சீட்டில் 100 என்றோ 300 என்றோ ஓர் எண் இருக்கும். ஆனால், மாலையில் பிள்ளை பாடத்தைத் திறந்தால் படம் பாதியில் நின்று வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அப்பா நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைப்பார். "ஐயா, எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று பதில் வரும். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் அவர் தொலைபேசியை வைத்துவிடுவார்.

2020 மார்ச் 18ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட பிறகு, இணையம் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்வார் குறைந்துவிட்டார்கள். வகுப்பறையே கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட காலம் அது. தோட்டப்புறங்களில் சமிக்ஞை கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சமிக்ஞையே இல்லாத குறையைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. சமிக்ஞை இருக்கிறது, கேபிள் வந்திருக்கிறது, காசும் கட்டியாயிற்று. இருந்தும் வேகம் இல்லை. அந்த வேகம் எங்கே தடைப்படுகிறது, அதை யார் பிடித்து வைக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் பார்க்கப்போகிறோம். கண்டுபிடிக்கத் தெரிந்தவரிடம், "எங்கள் பக்கம் சரி" என்று யாரும் எளிதில் சொல்லித் தப்பிக்க முடியாது.

முதலில் அந்த எண்ணின் கணக்கைப் பார்ப்போம். கட்டணச் சீட்டில் உள்ள 100 என்பது 100 மெகாபிட். கணினித் திரையில் ஒரு கோப்பு இறங்கும்போது காட்டும் வேகம் பெரும்பாலும் மெகாபைட்டில் இருக்கும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்றால் வினாடிக்கு 12.5 மெகாபைட்தான். "நூறுக்குக் காசு வாங்கிக்கொண்டு பன்னிரண்டு கொடுக்கிறான்" என்று சண்டைக்குப் போகிறவர் தம் கணக்கைத்தான் முதலில் திருத்த வேண்டும். வாளியில் உள்ள பாலின் எடையும், அதிலிருந்து கிடைக்கும் உலர்ந்த ரப்பரின் எடையும் ஒன்றல்ல என்பது பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும். இங்கே இன்னொரு கழிவும் உண்டு. இணையத்தில் செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். கேபிளில் ஓடும் ஒவ்வொரு 1538 பைட்டிலும் உண்மையான சரக்கு 1448 பைட் அளவே. மீதி எல்லாம் உறையும் இடைவெளியும். அதனால்தான் 100 மெகாபிட் கேபிளில் மிக நல்ல நிலையிலும் 94 மெகாபிட்தான் கைக்குக் கிடைக்கும். இந்த 94 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள். பின்னால் அது ஒரு துப்பாக வரப்போகிறது.

இனி ஒரு தோட்டத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். பெயர் எதுவும் வேண்டாம். அங்கே ஒரு பொது மண்டபம். பெற்றோர்கள் ஆளுக்கு இருபது வெள்ளி போட்டு ஒரு கணினி வாங்கி மண்டபத்தின் மூலையில் வைத்திருக்கிறார்கள். எஸ்.பி.எம். தேர்வுக்கான பாடங்களின் படப்பதிவுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. பிள்ளைகள் மாலையில் வந்து, வேறு கணினிகளிலும் கைப்பேசிகளிலும் அவற்றைப் பார்க்கிறார்கள். இப்படிக் கேட்டவர்க்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் கணினிக்குத்தான் சர்வர் என்று பெயர். நூல்களில் வழங்கி என்று எழுதுகிறார்கள். சர்வரிலிருந்து ஒரே ஒரு கேபிள் சுவிட்ச் பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து மற்றக் கணினிகளுக்கும் இரண்டு வைஃபை பெட்டிகளுக்கும் பிரிகிறது.

சில மாதம் நன்றாக நடந்தது. பிறகு மாலை நேரத்தில் எல்லார் படமும் ஒன்றாக நிற்கத் தொடங்கியது. கூட்டம் கூடியது. "இணைய நிறுவனத்தை மாற்றிவிடலாம்" என்றார் ஒருவர். "சர்வர் பழசாகிவிட்டது, புதிது வாங்கலாம்" என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் காசு வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்திருந்த அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, "ஐயா, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு, மண்டபத்துக்குள் வரும் இணைய இணைப்பைக் கழற்றிக் கீழே வைத்தாள். பாடங்கள் முன்போலவே நின்று நின்று ஓடின.

இந்தச் சோதனைக்குக் காசும் செலவில்லை, கருவியும் வேண்டியதில்லை. பாடம் இருக்கும் சர்வர் மண்டபத்துக்குள்ளேயே இருக்கிறது, பார்க்கும் பிள்ளைகளும் மண்டபத்துக்குள் இருக்கிறார்கள். சரக்கு வெளிச்சாலைக்கே போகவில்லை. அப்படியிருக்க வெளிச்சாலையைப் பழுதுபார்த்து என்ன பயன்? சரக்கு எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் தாளில் கோடு போட்டுப் பாருங்கள். வேகக் குறைவைத் தேடுபவர்களில் பாதிப்பேர் இந்தக் கோட்டைப் போடாமலே புதுப் பெட்டி வாங்கக் கடைக்குப் போய்விடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அடுத்து அவள் ஒரு மடிக்கணினியைச் சுவிட்ச் பெட்டியில் கேபிள் வழியாக மாட்டினாள். ஐபெர்ஃப் என்று ஒரு நிரல் இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கும். ஒரு முனையில் சர்வரிலும் மறுமுனையில் மடிக்கணினியிலும் அதை ஓடவிட்டால், இடையில் உள்ள பாதையில் எவ்வளவு செல்கிறது என்று அளந்து சொல்லும். படக்கோப்பைத் திறப்பதோ, தட்டிலிருந்து படிப்பதோ இல்லை. வெறும் பாதையை மட்டும் அளக்கும். அதனால் தட்டு மெதுவா, பாதை மெதுவா என்ற குழப்பம் இதில் வராது. அளந்து பார்த்தாள். 94 மெகாபிட் என்று காட்டியது.

நேயர்களே, இப்போது அந்தத் துப்பு உங்கள் நினைவுக்கு வரும். சர்வரிலும் சுவிட்ச் பெட்டியிலும் 1000 என்று எழுதியிருக்கிறது. 1000 மெகாபிட் பாதையானால் ஏறக்குறைய 940 காட்ட வேண்டும். 94 காட்டுகிறது என்றால், இடையில் ஏதோ ஓர் இடம் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். 80, 70, 55 என்று ஏறி இறங்கும் எண்ணாக இருந்தால் வேறு காரணம் தேடலாம். 94 என்று அசையாமல் நின்றால் கேபிளைப் பாருங்கள்.

அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகள். 1000 மெகாபிட் செல்ல நான்கு இணைகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். எலி கடித்தோ, கதவிடுக்கில் நசுங்கியோ ஒரு கம்பி அறுந்துபோனால் பல கருவிகள் வேலையை நிறுத்துவதில்லை. பிழைத்திருக்கும் கம்பிகளை வைத்துக்கொண்டு 100க்கு இறங்கி ஓடும். விளக்கும் எரியும், படமும் வரும். ஒரேயடியாக அறுந்து போயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பாதி அறுந்ததால்தான் பல நாள் யாருக்கும் தெரியவில்லை. லினக்ஸ் சர்வராக இருந்தால் ஈத்டூல் என்ற கட்டளை, இப்போது எந்த வேகத்தில் இணைந்திருக்கிறேன் என்று நேராகவே சொல்லிவிடும்.

அப்படியானால் ஏன் முன்பு நன்றாக ஓடியது? ஒரு பாடப் படத்துக்கு 5 மெகாபிட் என்று வையுங்கள். 18 பிள்ளைகளுக்கு 90. அதுவரைக்கும் யாருக்கும் குறையில்லை. 19ஆவது பிள்ளை வந்து உட்கார்ந்ததும் 95 ஆகிறது. பாதையில் 94தான் உண்டு. அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் படம் நிற்பதில்லை. எல்லாருக்கும் மாறி மாறி நிற்கும். புதிதாகச் சேர்ந்த பிள்ளை மீது மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்யும்! கேபிளை மாற்றினார்கள், 940 காட்டியது, குறை தீர்ந்தது. சில வெள்ளி பெறும் ஒரு கேபிள்.

வைஃபை பற்றி ஒரு சொல். ஒரு வைஃபை பெட்டியில் இணைந்தவர்கள் எல்லாரும் ஒரே காற்றில் மாறி மாறிப் பேசுகிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். மூலையில், சுவருக்கு அப்பால் இருக்கும் கைப்பேசி மெதுவாகத்தான் பேசும். அது பேசி முடிக்கும்வரை அருகில் இருப்பவரும் பொறுக்க வேண்டும். ஆகவே எந்தச் சோதனையையும் முதலில் கேபிளில் செய்து, பிறகு வைஃபையில் செய்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை எவ்வளவோ, அவ்வளவும் வீட்டுக்குள் உள்ள குறை. அதற்கு நிறுவனத்தை ஏசிப் பயனில்லை.

இதுவரை பார்த்தது தானாக வந்த தடை. இனி, வேண்டுமென்றே வைத்த தடையைப் பார்ப்போம்.

பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளும் பாடங்களைக் கேட்டதால், அதே பாடங்களை வெளியே வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது சரக்கு வெளிச்சாலையில் போகிறது. பாடத்தைத் திறந்ததும் முதல் சில வினாடி பறக்கிறது. பிறகு திடீரென்று இறங்கி, ஒரே அளவில், கோடு போட்டதுபோல் நிற்கிறது. மறுபடி முயன்றாலும் அதே கதை. நெரிசலால் வரும் குறைவு இப்படி இருக்காது. அது மேலும் கீழும் ஆடும், மாலையில் கூடும், விடியற்காலையில் குறையும். விடியற்காலை மூன்று மணிக்கும் மாலை எட்டு மணிக்கும் ஒரே எண்ணில் நிற்கும் வேகம், யாரோ அளந்து கொடுக்கும் வேகம்.

அதை எப்படி அளக்கிறார்கள்? செம்பனை ஆலையின் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் கிராணியார் ஒரு வாளியை வைத்திருக்கிறார். ஒரு நிமிடத்துக்கு ஒரு அனுமதிச் சீட்டை வாளியில் போடுகிறார். வாளியில் இருபது சீட்டுகள்தான் கொள்ளும். அதற்கு மேல் போட்டால் கீழே விழுந்துவிடும். உள்ளே போகும் ஒவ்வொரு லோரியும் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். காலையில் வாளி நிறைந்திருக்கிறது. முதலில் வந்த இருபது லோரிகளும் நிற்காமல் நுழைந்துவிடுகின்றன. அதன் பிறகு வாளி காலி. நிமிடத்துக்கு ஒரு லோரிதான். சர்வர்களிலும் ரௌட்டர்களிலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை பெரும்பாலும் இதுவேதான். அதன் பெயரும் டோக்கன் வாளி என்பதுதான். முதலில் பறந்தது நிறைந்த வாளி. பிறகு படுத்தது காலி வாளி.

சீட்டு இல்லாமல் வரும் லோரியை என்ன செய்வது? இரண்டு வழக்கம் உண்டு. வரிசையில் நிறுத்திவைத்து, சீட்டு வந்ததும் உள்ளே விடுவது ஒன்று. திருப்பி அனுப்பிவிடுவது மற்றொன்று. கணினியில் திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் கிடையாது. பொட்டலத்தை அப்படியே வீசி எறிந்துவிடும். அனுப்பியவர் அதை மீண்டும் அனுப்ப வேண்டும். இரண்டிலும் மொத்த அளவு ஒன்றுதான். ஆனால் வரிசையில் நிறுத்தினால் தாமதம் கூடும். வீசி எறிந்தால் இழப்பு கூடும். பிங் என்ற சிறு கட்டளையைப் பெரிய கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது ஓடவிட்டுப் பாருங்கள். பதில் வர எடுக்கும் நேரம் 20 மில்லிவினாடியிலிருந்து 500க்கு ஏறினால், எங்கோ ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. நேரம் ஏறாமல் பதில்கள் மட்டும் தொலைந்தால், வாசலில் வீசி எறிகிறார்கள்.

வாளியை வைத்தது யார் என்பது அடுத்த கேள்வி. மூன்று பேரைச் சந்தேகிக்கலாம். ஒருவர், சர்வருக்குள் இருந்து பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் நிரல். என்ஜின்எக்ஸ் என்ற நிரல் பல இடங்களில் பயன்படுகிறது. அதில் லிமிட் ரேட் என்று ஒரு வரி எழுதினால், ஒவ்வோர் இணைப்புக்கும் இவ்வளவுதான் என்று அது அளந்து கொடுக்கும். இவ்வளவு பைட் வரைக்கும் தாராளம், அதற்குப் பிறகுதான் கட்டுப்பாடு என்று சொல்லவும் தனியாக ஒரு வரி உண்டு. நிறுவிக் கொடுத்தவர் நல்ல எண்ணத்தில் எழுதி வைத்துவிட்டு மறந்திருப்பார். இரண்டாமவர், சர்வரின் இயக்க முறைமை. லினக்ஸில் டி.சி. என்ற கட்டளை, என்ன கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இதுவரை எத்தனை பொட்டலங்களை வீசியிருக்கிறது என்று கணக்குக் காட்டும். மூன்றாமவர், சர்வரை வாடகைக்கு விட்டவர். விலை குறைந்த சர்வர்களில், சிறிது நேரம் வேகமாக ஓடலாம், தொடர்ந்து ஓடினால் அடிப்படை வேகத்துக்கு இறங்கிவிடும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பது உண்டு. மாதத்துக்கு இவ்வளவு சரக்குத்தான், தாண்டினால் வேகம் குறைக்கப்படும் என்று எழுதுபவர்களும் உண்டு. மாத முதல் வாரம் நன்றாக ஓடி, கடைசி வாரத்தில் படுத்துக்கொண்டால், ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள்.

இவர்களைப் பிரித்து அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு கோப்பை இறக்கி வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு கோப்புகளை ஒரே நேரத்தில் இறக்குங்கள். இரண்டும் சேர்ந்து பழைய அளவிலேயே நின்றால், முழுப் பாதைக்கும் ஒரே வாளி வைத்திருக்கிறார்கள், அல்லது பாதையே நிறைந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து இரண்டு மடங்கானால், பாதையில் இடம் இருக்கிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாக அளக்கிறார்கள்.

இரண்டு மடங்கானால் உடனே லிமிட் ரேட்டின் மேல் பழி போட்டுவிடக் கூடாது. தூரமும் இதே வேலையைச் செய்யும். எப்படி என்கிறீர்களா? அனுப்பும் கணினி ஒரு தொகுதிப் பொட்டலங்களை அனுப்பிவிட்டு, கிடைத்தது என்ற பற்றுச்சீட்டு வரும்வரை காத்திருக்கிறது. பற்றுச்சீட்டு வந்தால்தான் அடுத்த தொகுதி. தோட்டத்திலிருந்து பத்து லோரிகளை அனுப்பிவிட்டு, ஆலையிலிருந்து பத்துச் சீட்டுகளும் திரும்பும்வரை பதினோராவது லோரியை அனுப்பாமல் இருப்பதுபோல. ஆலை அருகில் இருந்தால் பாதகமில்லை. தொலைவில் இருந்தால் சாலை பெரும்பகுதி நேரம் வெறிச்சோடிக் கிடக்கும். பழைய முறையில் ஒரு தொகுதியின் மிகப் பெரிய அளவு 65,535 பைட். போய்த் திரும்ப 200 மில்லிவினாடி ஆகும் தொலைவில், அதாவது ஏறக்குறைய இங்கிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு, இந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டால் வினாடிக்கு 2.6 மெகாபிட்தான் வரும். சாலை 1000 மெகாபிட் அகலமாக இருந்தாலும் சரி, அவ்வளவுதான். தொகுதியின் அளவைப் பெருக்கும் வழியை 1992இல் விதியாக எழுதினார்கள். இன்றைய கணினிகள் எல்லாம் அதைச் செய்கின்றன. ஆனாலும் இடையில் உள்ள ஏதோ ஒரு பழைய பெட்டி அந்தக் குறிப்பை அழித்துவிட்டால் பழைய கதை திரும்பிவிடும். பக்கத்தில் இருந்து இறக்கினால் வேகம், தூரத்தில் இருந்து இறக்கினால் மெதுவு என்றால், வாளியைத் தேடாமல் தூரத்தைத் தேடுங்கள். பாடங்களை அமெரிக்காவில் உள்ள சர்வரில் வைத்திருந்தால், அதே வாடகைக்குச் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

பொட்டலம் தொலைவது பற்றிச் சொன்னேன். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில் வினாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக விழுந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையில் 400 கஜ தூரம்தான்! ஒரு தாளில் எழுதி ஆளிடம் கொடுத்து அனுப்பியிருந்தால்கூட விரைவாகப் போயிருக்கும். காரணம் என்னவென்றால், பற்றுச்சீட்டு வராத ஒவ்வொரு கணினியும், தொலைந்துவிட்டது போலும் என்று எண்ணி, அதே பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. சாலை முழுவதும் ஒரே சரக்கின் நகல்கள். வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் மைக்கேல் கேரல்ஸ் என்பவரோடு சேர்ந்து இதற்கு ஒரு மருந்து கண்டு 1988இல் வெளியிட்டார். பொட்டலம் தொலைந்தால் சாலை நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள். உடனே வேகத்தைக் குறை. பிறகு மெல்ல மெல்ல ஏற்று. இதுதான் அந்த மருந்து. இணையம் இன்றுவரை படுத்துவிடாமல் ஓடுவதற்கு இந்தப் பணிவு ஒரு பெரிய காரணம்.

ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. சாலை காலியாகத்தான் இருக்கிறது. தளர்ந்த ஒரு முனையால் நூற்றில் ஒரு பொட்டலம் தொலைகிறது என்று வையுங்கள். கணினிக்கு அந்த வேற்றுமை தெரியாது. நெரிசல் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் பின்வாங்கும். நூற்றில் ஒன்று தொலைந்தால் வேகத்தில் நூற்றில் ஒன்றுதானே குறையும் என்று தோன்றும். அப்படியில்லை. 1997இல் மாத்திஸ் முதலான ஆய்வாளர்கள் எழுதிய கணக்குப்படி, 200 மில்லிவினாடி தொலைவில் நூற்றில் ஒன்று தொலைந்தால் ஓர் இணைப்பின் வேகம் ஒரு மெகாபிட்டையும் எட்டாது. இழப்பை மட்டும் நம்பாமல், பாதை எவ்வளவு தாங்கும் என்று அளந்து பார்த்து ஓடும் புதிய முறை ஒன்று 2016இல் கூகுள் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அதை எழுதியவர்களிலும் அதே வான் ஜேக்கப்சன் ஒருவர். சர்வரில் அதை இயக்கிப் பார்க்கலாம். ஆனால் தளர்ந்த முனையை இறுக்குவதே அதைவிட நல்லது.

ஆளைப் பார்த்து, சரக்கைப் பார்த்து நிறுத்தும் தடையும் உண்டு. அதைக் கண்டுபிடித்த ஒருவரின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ராப் டோபோல்ஸ்கி என்ற பொறியாளர், உரிமைக் காலம் கடந்த பழைய பாடல்களைப் பிட்டோரண்ட் என்ற முறையில் மற்றவர்களுக்குப் பகிர்ந்துவந்தார். 2007இல் அந்தப் பகிர்வு மட்டும் அடிக்கடி அறுந்தது. மற்றவை எல்லாம் நன்றாக ஓடின. அவர் கோபப்பட்டுக் கத்தவில்லை. கேபிளில் போகிற வருகிற பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து பார்த்தார். "நான் இணைப்பைத் துண்டிக்கிறேன்" என்று எதிர்முனை சொல்வதாக ஒரு பொட்டலம் வந்திருந்தது. ஆனால் அதை அனுப்பியது எதிர்முனை அல்ல. இரண்டு பேர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது, இடையில் ஒருவன் இருவர் குரலிலும் மாறி மாறி "சரி, வைத்துவிடுகிறேன்" என்று சொல்வதுபோன்ற வேலை அது. அவருக்கு இணையம் வழங்கியது காம்காஸ்ட் என்ற பெரிய நிறுவனம். அந்நிறுவனம் முதலில் மறுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தானே சோதித்துப் பார்த்தது. யாரும் குறை சொல்ல முடியாத ஒரு கோப்பை அதற்கு எடுத்துக்கொண்டார்கள்: கிங் ஜேம்ஸ் பைபிள். அதுவும் தடைப்பட்டது. 2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தொடர்பு ஆணையம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2010இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குள் நிறுவனம் அந்த முறையைக் கைவிட்டு வேறு முறைக்குப் போய்விட்டது. அவர் கையில் இருந்தது பொட்டலங்களின் பதிவு ஒன்றுதான். "மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருந்தால் யார் செவிசாய்த்திருப்பார்கள்?

சர்வர் வைத்திராத குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. கைப்பேசித் திட்டங்களில் "அளவில்லா இணையம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழே, வேகம் 3 மெகாபிட் வரை என்றோ 6 மெகாபிட் வரை என்றோ சிறிய எழுத்தில் இருக்கும். அளவுக்கு வரம்பு இல்லை. வேகத்துக்கு வரம்பு உண்டு. கைப்பேசியில் இருந்து ஹாட்ஸ்பாட் போட்டுப் பிள்ளையின் மடிக்கணினிக்குக் கொடுத்தால், அதற்குத் தனி அளவு வைத்திருக்கும் திட்டங்களும் உண்டு. "கைப்பேசியில் நன்றாக ஓடுகிறது, மடிக்கணினியில் மட்டும் ஓடவில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால், மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொண்டுபோவதற்கு முன்னால் திட்டத்தின் விவரத்தைப் படித்துப் பாருங்கள். வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: வேக வரம்பு எவ்வளவு? ஹாட்ஸ்பாட்டுக்கு எவ்வளவு?

எல்லாம் பார்த்த பிறகும் குறை வெளிப்பாதையில்தான் என்று தெரிந்தால், புகாரை எழுத்தில் கொடுங்கள். முதலில் நிறுவனத்துக்கு. புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தீராவிட்டால் மலேசியத் தொடர்புத் துறைப் பயனீட்டாளர் மன்றத்துக்கோ, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கோ எழுதலாம். கடிதத்தில் திட்டத்தின் பெயரும் அதில் சொல்லப்பட்ட வேகமும் இருக்கட்டும். ஒரு வாரத்துக்கு, காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, நள்ளிரவில் ஒரு தடவை அளந்த எண்களைத் தேதி, மணியோடு எழுதுங்கள். ரௌட்டரில் நேராகக் கேபிள் மாட்டி அளந்தது என்பதையும் மறவாமல் குறிப்பிடுங்கள். வைஃபையில் அளந்த எண்ணைக் கொடுத்தால், குறை உங்கள் வீட்டுக்குள் என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடுவார்கள். ஒரு கோப்புக்கு எவ்வளவு, இரண்டு கோப்புக்கு எவ்வளவு, உள்நாட்டுச் சர்வருக்கு எவ்வளவு, வெளிநாட்டுக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்தால், கடிதத்தைப் படிக்கும் பொறியாளர் எங்கே தேட வேண்டும் என்று அவருக்கே நீங்கள் சொல்லிக்கொடுத்ததாகும். எழுதத் தயக்கமாக இருந்தால், வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளையை அளக்கச் சொல்லுங்கள். ஒரு பயிற்சிப் புத்தகத்தில் கட்டம் போட்டு, ஏழு நாளைக்கு மூன்று தடவை வீதம் இருபத்தொரு எண்களை அதில் எழுதிவைத்தால் போதும்.